இல்லாத கோபுரத்தில் இருந்த பெரியவர்

பேய், கனவு, சகுனம் என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான். நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நானும் சிரித்திருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நியூயோர்க்கில் அந்த இரட்டைக் கோபுரம் விழுந்த வருடம், விழுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், கோடையில் நான் அங்கே போயிருந்தேன். என்னோடு படித்த சிவா அங்கே இருந்தான். ஊரில் என் அப்பா இறந்து அதிக நாள் ஆகவில்லை. சண்டை, பாதை பூட்டு, போக முடியவில்லை. அப்போது பிரெஞ்சு நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு உணவகக் குசினியில் எனக்கு வேலை. கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொள்வேன். அழவேயில்லை. ரெலிபோனில் என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சிவா, "வந்து கொஞ்ச நாள் நில்லடா" என்று கூப்பிட்டான்.

அவன்தான் கோபுரத்துக்குக் கூட்டிப்போனான். லிப்டில் காது அடைத்துக்கொண்டது. மேலே சுற்றிவரக் கண்ணாடி. கண்ணாடியை ஒட்டியே இருந்து பார்க்க இருக்கைகள். கீழே மஞ்சள் டாக்சிகள் கடலைப்பருப்புச் சிதறியதுபோலக் கிடந்தன. சிவா படம் எடுக்க மற்றப் பக்கம் போய்விட்டான். நான் ஒரு இருக்கையில் இருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நம்மவர் என்று முகத்திலேயே தெரிந்தது. சனம் எல்லாம் அரைக்கைச் சட்டையும் கட்டைக் காற்சட்டையுமாக வியர்த்து வழிகிற நாளில் அவர் தடித்த மண்ணிறக் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு அது ஒன்றுதான் வித்தியாசமாகப் பட்டது. வயதானவர், குளிரும் என்று நினைத்தேன்.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழத் தொடங்கிவிட்டேன். அவர் என் முழங்காலில் கையை வைத்தார்.

"அழும் தம்பி. இஞ்சை ஒருத்தரும் பாக்காயினம்."

எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. சிவா வந்து கூப்பிட்டபோது அவரிடம் தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

செப்டெம்பரில் குசினி ரேடியோவில் செய்தி வந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முன்னால் இருந்த தொலைக்காட்சிக்கு ஓடினோம். கோபுரம் புழுதியாகக் கீழே இறங்கியபோது எனக்கு அந்தப் பெரியவரின் நினைப்புத்தான் வந்தது. சிவாவைக் கொண்டு அங்கேயுள்ள தமிழ்ச் சனத்திடம் விசாரித்தேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. காலம் போனது. கலியாணம் சரிவரவில்லை. இப்போது நகரத்துக்கு வெளியே கார்ஜில் ஒரு சின்ன அறை, நான் ஒருவன்.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடமில்லாமல் ஒரு பெண் தன் தகப்பனோடு என் மேசைக்கு வந்து இருந்தாள். நான் நிமிரவில்லை.

"இப்ப அழுகிறேல்லைத்தானே தம்பி?"

நிமிர்ந்தேன். அவர்தான். நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், ஒரு நாள்கூட வயது கூடாத அதே முகம். கழுத்துவரை பூட்டிய அதே மண்ணிறச் சட்டை.

மகள் பதறிப்போனாள். "குறை நினையாதேங்கோ அண்ணை. அம்மா போனாப் பிறகு அப்பா இப்பிடித்தான், ஆரையும் பிடிச்சுக் கதைப்பார். ஊரிலையிருந்து இப்பதான் வந்தவர்."

"ஐயா முந்தி அமெரிக்காவிலை இருந்தவரோ?"

"எங்கை! பிளேன் ஏறினதே இதுதான் முதல்தரம்."

"அந்தச் சட்டை?"

"முந்தநாள் இஞ்சை வாங்கினது. வந்து இறங்கேக்கை நடுங்கிப்போனார்."

பெரியவர் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"மனிசி போனாப் பிறகு கண்ணை மூடினால் ஒரே இடந்தான் தம்பி. சரியான உயரம். சுத்திவரக் கண்ணாடி. ஒரு பெடியன் வந்து பக்கத்திலை இருந்து அழுதவன். தகப்பன்ரை சாவுக்குப் போக ஏலாமல் போச்சாம். நேற்றும் வந்தவன். நீர்தானே?"

நேற்று நான் வேலையில் நின்றேன். நான் அழுதது இருபது வருடத்துக்கும் முன்னால்.

"ஓம் ஐயா, நான்தான்."

"நல்லா வயசு போட்டுது உமக்கு," என்று சிரித்தார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதன் பிறகு அடிக்கடி அவரைப் போய்ப் பார்த்தேன். கோபுரம் இப்போது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வைகாசியில் நித்திரையிலேயே போய்விட்டார். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைக்காத நான் அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று என்னை நானே சமாளித்திருப்பேன். ஆனால் ஆடியில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து ரயிலில் வரும்போது கண் அயர்ந்தேன். நான் அங்கே இருந்தேன். அதே கண்ணாடி, கீழே மஞ்சள் டாக்சிகள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. கனநேரம் இருந்தேன், யாரும் வரவில்லை. பிறகு ஒரு இளம் பெண் வந்து இருந்தாள், நம்முடைய பிள்ளை, நான் முன்பின் பார்த்திராத முகம். அழுது வீங்கிய கண்களோடு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். ரயில் பிரேக் பிடித்த சத்தத்தில் அது காதில் விழவில்லை. விழித்துவிட்டேன், கார்ஜ் வந்திருந்தது.

அந்தக் கோபுரம் நின்ற காலத்தில் வந்து இருந்தவள் என்றால், அவளுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாளோ தெரியாது. பிறகு எத்தனையோ தரம் கண்ணை மூடிப் பார்த்துவிட்டேன், அந்த இடம் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.