சைவ சோடா

பஸ்ரியாம்பிள்ளை ஒரு போத்தல் சோடா கொடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். பெருவிரல் மூடியை அழுத்தியிருக்கும். குமிழிகள் ஏறி அடங்கும்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பார். தூசி தும்பு இல்லையென்று கண்டபின் நிமிர்த்தி, தோளில் கிடக்கிற துவாயின் உலர்ந்த முனையால் கழுத்தைத் துடைப்பார். ஆனால் கையில் கொடுக்கமாட்டார். கடை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னுக்குப் போவார். வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நயினாதீவில் ஐயர்மார் வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பழகிய பழக்கம் அது. மண்டைதீவில் சொந்த மைத்துனனுக்கும் அப்படித்தான் வைத்துவிட்டுப் பின்வாங்குவார். "என்ன அத்தான், நானும் ஐயரே?" என்று அவன் சிரிப்பான்.

மண்டைதீவுக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில். இவருக்குச் சிறுவயதில் காது சீழ்பிடித்ததால் கடலில் இறங்க ஏலாது. ஐம்பத்தாறாம் ஆண்டு சுருவிலில் அப்புத்துரை முதலாளி சோடாக் கொம்பனி தொடங்கியபோது விற்பனைக்குச் சேர்ந்தார். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் சைக்கிளில் போவார். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இயந்திரப் படகான லோஞ்சில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார். போத்தலில் முதலாளியின் பெயர்தான் இருந்தது. ஆனால் தீவுகளில் யாரும் அதை அப்புத்துரை சோடா என்று சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ரியார் சோடா என்றுதான் சொன்னார்கள். அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

நான் அந்தக் கொம்பனியில் கடிதம் எழுதுகிற வேலையில் இருந்தேன். முதலாளியின் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அதனால் இதில் பெரும்பகுதி என் கண்முன்னே நடந்தது.

எழுபதாம் ஆண்டு போத்தலுக்கும் தட்டுப்பாடு, போத்தல் கழுவுகிற காரத்துக்கும் தட்டுப்பாடு. முதலாளி கரையோர வீடுகளில் கிடந்த பழைய போத்தல்களை மூட்டை மூட்டையாக வாங்கினார். அவற்றில் சில, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய் இருந்த போத்தல்கள். கழுவுகிற ஞானசவுந்தரி ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"முதலாளி, இது தண்ணியிலை போகாது. எறிவமே?"

"எறியிறதுக்கே காசு குடுத்து வாங்கினனான்? கலரைப் போட்டு நிரப்பு. மணம் உள்ளுக்கை செத்துப்போம்."

மணம் சாகவில்லை. ஒரேஞ் நிறத்துக்குள் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

அந்த ஆனியில் நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் திருவிழா. சந்திரமௌலீசன் ஐயரின் மகள் பாலாம்பிகை பகல் முழுவதும் உபவாசம் இருந்துவிட்டு, பூசை முடிந்ததும் ஆழ்வாப்பிள்ளை கடையில் ஒரு போத்தல் ஒரேஞ் வாங்கிக் குடித்தாள். இரண்டாவது மிடறில் கோயில் வீதியிலேயே வாந்தியெடுத்தாள். மச்சம் மாமிசம் தொடாத குடும்பத்துப் பெண்ணின் வாயில், விரத நாளில், அழுகின சுறாவின் நெய். அங்கு நின்ற சனம் போத்தலை வாங்கி மணந்தது. மணந்தவர்கள் காறித் துப்பினார்கள். விடிவதற்குள் கதை தீவைச் சுற்றி வந்துவிட்டது.

அடுத்த முறை பஸ்ரியாம்பிள்ளை பெட்டியோடு கடைக்குப் போனபோது ஆழ்வாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பஸ்ரியார், உம்மட சோடா நீந்துது காணும்."

கடையில் நின்ற ஒருவன், "ஒரு மீன் சோடா தாரும். முள்ளெடுத்துத் தாரும்," என்றான்.

சிரிப்பு அடங்கியபின் ஆழ்வாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லும். வரேக்கை வள்ளத்திலை மீனோடை போட்டுக்கொண்டு வந்தனீரோ?"

 போத்தலின் கதை பஸ்ரியாம்பிள்ளைக்கு ஞானசவுந்தரி மூலம் தெரியும். அதைச் சொன்னால் கொம்பனி போய்விடும். சொல்லாவிட்டால் தன் பெயர் போய்விடும். பெட்டிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு, நேரே சுருவிலுக்கு வந்தார்.

"முதலாளி, ஒருக்கா நயினாதீவுக்கு வாங்கோ. ஆழ்வாப்பிள்ளையற்றை கடை வாசலிலை நிண்டு, போத்தல் சரியாக் கழுவுப்படேல்லை, எங்கட பிழை, இனி நடவாது எண்டு சொல்லுங்கோ. அது போதும். சனம் விட்டிடும்."

முதலாளி ஒரு புதுப் போத்தலைத் திறந்து தானே குடித்துக்கொண்டிருந்தார். "நான் போய் நிண்டால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ? பேசாமல் இரும். சனத்தின்ரை வாய் தானா மூடும்."

"அவங்கள் என்னையெல்லோ கேக்கிறாங்கள்."

"கேட்டால் உமக்கென்ன? போத்தலிலை உம்மட பேரே கிடக்கு?"

"இல்லை, உங்கட பேர்தான். ஆனால் அவங்கள் கண்ட முகம் என்ரை முகம், முதலாளி."

முதலாளி குடித்த சோடா மேலே வர, நீளமாக ஏவறை விட்டார். அந்த ஒலி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பேசாமல் இருக்கச் சொன்ன மனிதர் தான் பேசாமல் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நோட்டீஸ் அடிப்பித்தார். கொம்பனியில் எழுதுகிற வேலை என்னுடையதாக இருந்தும் என்னைக் கேட்கவில்லை. "நீர் எதுகை மோனையில்லாத கவிதை வாசிக்கிற ஆள். ஒருத்தருக்கும் விளங்காமல் எழுதிப்போடுவீர்," என்றார். அவர் எழுதியது எல்லாருக்கும் விளங்கியது. 'எமது சோடா வகைகள் சுத்த சைவமானவை. ஆசாரமுடையோரால் நிரப்பப்படுபவை. புலால் உண்போர் கை படாதவை. சிலரது கவனயீனத்தால் எழுந்த வதந்திகளை நம்பற்க.'

புலால் உண்போர் கை! கழுவுகிறவர்கள், நிரப்புகிறவர்கள், பெட்டி அடிக்கிறவர்கள் எல்லாரும் சுருவில், மண்டைதீவுக் கத்தோலிக்கர். ஞானசவுந்தரி நோட்டீசைக் கழுவுகிற தொட்டிக்குள் போட்டாள். "அப்ப இதென்ன முதலாளி, கத்தரிக்காயோ?" என்று ஈரக் கைகளை நீட்டிக் காட்டினாள். முதலாளி வேறு பக்கம் பார்த்தார்.

நோட்டீஸ் பஸ்களில் போனது. லோஞ்சில் நெடுந்தீவுக்கும் போனது. அங்கே சுறா எண்ணெய்க் கதையை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நோட்டீசைப் பார்த்த பிறகுதான், "சோடாவுக்கேன் காணும் சைவம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்கள் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்து பார்த்தார்கள். நல்ல போத்தலும் அவர்களுக்கு மணத்தது. ஊர்காவற்றுறையில் மாதா கோயில் பெருநாளுக்கு எடுத்த பெட்டிகளை, கை படக்கூடாத சோடா எங்களுக்கு எதற்கென்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே தாளில் சைவர்களுக்கு அருவருப்பையும் கத்தோலிக்கருக்கு அவமானத்தையும் அச்சடித்துக் கொடுத்த வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பஸ்ரியாம்பிள்ளைக்கு அந்தத் தாளை நீட்டியவர் ஆழ்வாப்பிள்ளைதான்.

"இந்தாரும். உம்மட முதலாளியே எழுதிப்போட்டார், உம்மட கைதான் பிழையெண்டு."

பஸ்ரியாம்பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தார். அன்று பின்னேரம் கொம்பனிக்கு வந்து சத்தம் போடவில்லை. 'கவனயீனம்' என்ற வரியில் விரலை வைத்து, "இந்த ஒரு வரியை எடுத்துப்போட்டு வேறை அடியுங்கோ," என்றார்.

"அடிச்சு முடிஞ்சுது காணும். இதிலை உம்மட பேரைப் போட்டனானே?"

பஸ்ரியாம்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

அடுத்த ஆனிக்கு முன் கொம்பனி மூடப்பட்டது. போத்தல் தட்டுப்பாடும் அரசாங்கமும்தான் காரணம் என்று முதலாளி எல்லாருக்கும் சொன்னார். சரக்கு வேறு, சரக்கைப் பற்றிய பேச்சு வேறு என்று நினைக்கிற முதலாளிமாரை இப்போதும் காண்கிறேன். பேச்சைக் கூலிக்காரன் தலையில் கட்டிவிட்டு உள்ளே இருந்து குடித்துக்கொண்டிருப்பார்கள். 

பஸ்ரியாம்பிள்ளை மண்டைதீவில் மற்றவர்களின் நண்டு வலைகளில் சிக்கெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். சந்தையில், "மீன் சோடா" என்று சின்னப் பெடியள் கூப்பிட்டார்கள். எதற்காக என்று அவர்களுக்கே தெரியாது. மனைவி மேரிறோஸ் ஒருநாள் கல்லெடுத்து எறிந்திருக்கிறாள். திருவிழாக் காலங்களில் எல்லாத் தீவுச் சனமும் லோஞ்சேறும். அவர் மட்டும் நயினாதீவுப் பக்கம் பிறகு போகவேயில்லை. எழுபத்தேழில் காய்ச்சலில் செத்துப்போனார்.

அதற்கு இரண்டு வருடங்களின் பின், வேலணையில் ஆசிரியையாக இருந்த பாலாம்பிகையைப் பஸ்ஸில் சந்தித்தேன். பழைய கதையை அவள்தான் எடுத்தாள்.

"நான் சத்தியெடுத்ததுக்கு அடுத்த நாள் விடியவே உங்கட முதலாளி இரவே ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தனி வள்ளம் பிடிச்சு வந்தவர். போத்தல் தன்ரை பிழையெண்டு அழுது, அப்பாவைக்கொண்டு பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்விச்சவர். போற வழியிலை ஆழ்வாப்பிள்ளை கடையிலையும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போம் எண்டு அப்பா சொன்னவர். ஓம் ஓம் எண்டு தலையாட்டினவர். கடை பூட்டியிருக்கவும் இல்லை."

பஸ்ரியாம்பிள்ளை பெட்டிகளோடு சுருவிலுக்கு வந்து, "ஒருக்கா நயினாதீவுக்கு வாங்கோ" என்று கேட்டபோது, முதலாளி அங்கே போய்த் திரும்பி இரண்டு நாளாகியிருந்தது.