தரம் ஏழில் ஒரு போத்தல் குறைந்த நாள்

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் வந்து மேசையைப் பார்த்தேன். பத்தொன்பது போத்தல் இருக்க வேண்டும், பதினெட்டுத்தான் இருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “யாரு எடுத்தது? இப்பவே சொல்லிட்டா ஒன்னும் இல்ல, நானா கண்டுபிடிச்சா இருக்கு” என்று ஒரு சத்தம் போட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை, தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் செய்த மடத்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம்.

போத்தல் வந்த கதை

எங்கள் பாடசாலை மலையகத்தில் டயகமப் பக்கம். பிள்ளைகள் எல்லாரும் லயத்து வரிசை வீடுகளில் இருந்து வருகிறவர்கள். ஆய்வுகூடம் என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே ஒரு அலுமாரியும் கால் ஆடும் இரண்டு மேசையும்தான். தரம் ஏழில் அமிலங்களும் மூலங்களும் பாடம் வரும்போது லிட்மஸ் தாளை நகத்தளவு கிழித்துக் கிழித்துப் பாவிப்போம். அமிலப் போத்தல் காலியாகி இரண்டு வருடம். கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

ஆசிரியர் வழிகாட்டியில், அன்றாடம் பயன்படும் திரவங்களைப் பரிசோதிக்கலாம் என்று இருந்தது. நல்ல யோசனைதானே? முந்தின நாள் வகுப்பில் சொன்னேன். “ஒங்க லயத்துல தண்ணி மாதிரி என்னென்ன இருக்கோ, ஆளுக்கு ஒரு போத்தல்ல கொஞ்சமா கொண்டு வாங்க. கடையில ஒன்னும் வாங்கப்படாது. பேரு எழுத வேணாம். யார் போத்தல்ல என்னா இருக்குன்னு நாளைக்குச் சோதிச்சுப் பாத்துக் கண்டுபிடிப்போம்.”

பேரெழுத வேண்டாம் என்று சொன்னது என்னுடைய சொந்தப் புத்தி. விளையாட்டு மாதிரி இருக்கும், பிள்ளைகள் ஆசையாகப் படிக்கும் என்று நினைத்தேன். வழிகாட்டியில் அப்படி ஒரு வரி கிடையாது.

காலையில் பிள்ளைகள் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். தேசிக்காய்ப் புளி, புளித்தண்ணி, சவர்க்காரத் தண்ணி, அடுப்புச் சாம்பலைக் கரைத்த தண்ணி, வினாகிரி. ஒருத்தி பற்பசையைக் கரைத்து வந்திருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. விஞ்ஞானப் பாடம் இடைவேளைக்குப் பிறகுதான். அதனால் எல்லாவற்றையும் வகுப்பு மேசையிலேயே வைத்து, எண்ணிவிட்டு, தரம் எட்டுக்குப் போய்விட்டேன். பூட்டி வைக்கத் தோன்றவில்லை. சோதனைக்குழாய் பத்தையும் அலுமாரியில் பூட்டி வைக்கிறவள், முன்பின் தெரியாத பத்தொன்பது திரவத்தைத் திறந்த வகுப்பில் விட்டுப் போனேன்.

குடித்தது யார்

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது வரிசையில் தர்ஷினி மட்டும் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். சத்தமே போடாத பிள்ளை அது.

“நீயா எடுத்த?”

“இல்ல மிஸ்.”

“அப்ப ஏன் அழுவுற?”

“என் போத்தலத்தான் மிஸ் காணோம்னு நெனைக்கிறேன். அதுல புல்லு மருந்து இருந்திச்சி.”

தோட்டத்தில் களைக்கு அடிக்கிற மருந்தைத்தான் புல்லு மருந்து என்போம். அவளுடைய அப்பா மருந்தடிக்கிற ஆள். மிஞ்சினதைச் சோடாப் போத்தலில் ஊற்றி, வீட்டுப் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்கென்று கொண்டுவந்து வைப்பாராம். லயத்தில் இருக்கிற தண்ணி மாதிரியானதைக் கொண்டு வா என்று நான்தானே சொன்னேன்? சொன்னதைச் செய்திருக்கிறது பிள்ளை.

“யாராவது குடிச்சீங்களா? அடிக்க மாட்டேன், சத்தியமா அடிக்க மாட்டேன், சொல்லுங்க” என்று கெஞ்சினேன்.

கடைசி வாங்கில் இருந்து முகுந்தன் எழுந்தான். பன்னிரண்டு வயசு, பந்தைக் கண்டால் உலகத்தை மறக்கிறவன். வாங்குக்கு அடியில் கைவிட்டு ஒரு போத்தலை எடுத்தான். அடியில் ஒரு வாய் அளவுக்கு மிச்சம் இருந்தது.

“நான் கொண்டாந்தது தேத்தண்ணி மிஸ். வெளையாடிட்டு வந்தேன், தாகமா இருந்திச்சி. என் போத்தல்தான்னு எடுத்துக் குடிச்சேன்.”

“ஒன் போத்தல்தானா அது?”

அவன் மேசையைப் பார்த்தான். அதே மாதிரிச் சோடாப் போத்தல் ஒன்று அங்கே இருந்தது. அதே அளவு, அதே பழுப்பு நிறம். “ரெண்டும் ஒரே மாதிரித்தான் மிஸ் இருந்திச்சி” என்றான்.

“குடிக்கிறப்ப எப்படிடா இருந்திச்சி?”

“கசந்திச்சி மிஸ். எங்கம்மா ஊத்துற தேத்தண்ணியும் கசக்கத்தான் செய்யும்.”

முகர்ந்து பார்த்தால் தெரியும் என்பீர்கள். எனக்கு அன்று பயங்கரத் தடிமன், மூக்கு வேலை செய்யவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அதிபர் முகர்ந்துவிட்டு, “எனக்கு ரெண்டுமே ஒன்னாத்தான் மணக்குது மிஸ்” என்றார். மேசையெல்லாம் வினாகிரி வாடை. யாரோ, “உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்போம்” என்றார்கள். அதற்கு மட்டும் நான் விடவில்லை. முதலுதவிப் பயிற்சியில் படித்த ஒரே ஒரு விஷயம் நல்லவேளை ஞாபகத்தில் இருந்தது. மருந்தாக இருந்தால் வாந்தி இன்னும் கெடுதல், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். அதிபர் சந்தியில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டார். முகுந்தனின் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு ஏறினேன். டொக்டர் என்ன மருந்து என்று கேட்பாரே என்று தர்ஷினியையும் ஏற்றிக்கொண்டேன். இரண்டு போத்தலும் என் மடியில்.

ஆட்டோவுக்குள்

ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பாதை. முகுந்தனை அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டேன். “தொண்ட எரியுதா? வயித்தப் பெரட்டுதா?” அவன் இல்லை இல்லை என்றான். நான் கேட்கக் கேட்க அவனுக்கும் பயம் வந்து, கடைசியில், “எரியிற மாதிரி இருக்கு மிஸ்” என்றான். எனக்கு உயிரே போய்விட்டது.

தர்ஷினி என் காதருகே வந்து, “மிஸ், எங்கப்பா பேரச் சொல்லிடாதீங்க. வேல போயிரும்” என்றாள். “மொதல்ல இவன் பொழைக்கட்டும்” என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

பாதி வழியில் கொழுந்து லொறி குறுக்கே நின்றது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். விலகிப் போக வழியில்லை. டிரைவர் இறங்கிப் போய்க் கத்தினார். நான் மடியில் இருந்த இரண்டு போத்தலையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ்” என்றாள் தர்ஷினி. “தேத்தண்ணில தேசிக்கா புழிஞ்சா வெளுத்துப் போகும்ல. மருந்து வெளுக்குமா?”

எனக்கு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. விஞ்ஞானப் பட்டம் வாங்கியவள் நான். அமிலம் பட்டால் தேத்தண்ணியின் நிறம் மாறும் என்று போன வருடம் இதே பாடத்தில் நானே சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் தேத்தண்ணியில் தேசிக்காய் விட்டுக் குடிக்காத லயம் எங்கே இருக்கிறது? அந்த நேரத்தில் ஒன்றுமே எனக்கு ஓடவில்லை.

தேசிக்காய்க்கு எங்கே போவது? ஆட்டோவின் முன்னால் திருஷ்டிக்குக் கட்டிய தேசிக்காயும் பச்சை மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. எட்டிப் பிய்த்தேன்.

“ஐயோ மிஸ், அது நேத்துத்தான் கோயில்ல வச்சுக் கட்டினது” என்றார் திரும்பி வந்த டிரைவர். என் முகத்தைப் பார்த்தவர், “சரி சரி, எடுங்க” என்று தன் சாவியாலேயே அதைக் குத்திக் கிழித்துத் தந்தார்.

முகுந்தன் குடித்து மிச்சம் வைத்த போத்தலில் பிழிந்தேன். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, ஐந்தாறு சொட்டு. அடியில் கிடந்த பழுப்பு, கண் முன்னாலேயே வெளிறித் தேன் நிறத்துக்கு வந்தது. மற்றப் போத்தலில் கொஞ்சத்தை அதன் மூடியில் கவனமாக ஊற்றி அதிலும் பிழிந்தேன். அது அப்படியே இருந்தது.

“அப்ப இவன் குடிச்சது தேத்தண்ணி மிஸ்” என்றாள் தர்ஷினி.

நான் முகுந்தனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிரைவர், “என்னா மிஸ், என்னா ஆச்சு” என்று பதறினார். முகுந்தன் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்ப இப்ப எரியல மிஸ்” என்றான்.

“ஹோம்வேர்க்கையே குடிச்சிட்டியேடா பாவி” என்று அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆனாலும் லொறி விலகியதும் ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னேன். தேசிக்காய் நம்பிக்கை தரும், சான்றிதழ் தராது. ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா இரண்டு போத்தலையும் வாங்கிப் பார்த்தார், பிள்ளையைச் சோதித்தார், நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். “நல்ல வேலை செஞ்சது மிஸ். பயம் இல்ல. ஆனா பின்னேரம் வரைக்கும் இங்க இருக்கணும்” என்றார். மருந்து யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முகுந்தனின் அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து சேர்ந்தார். மகனைத் தடவிப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “என் மேலதான் பிழை. கண்டதையும் கொண்டாரச் சொல்லிட்டேன்” என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“விடுங்க மிஸ், இஸ்கூல்ல நடந்ததால ஒடனே தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்க” என்றார். “வீட்டுல நடந்திருந்தா நாங்க மலையில. யாரு பாக்குறது?”

மறுநாள்

மறுநாள் பாடத்தை எடுக்கவே எனக்கு மனமில்லை. ஆனாலும் எடுத்தேன். தேத்தண்ணியும் தேசிக்காயும் மட்டும் வைத்து நானே செய்து காட்டினேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். “யார் வீட்டுலயெல்லாம் மருந்து, சோடாப் போத்தல்ல இருக்கு? யாரையும் மாட்டி விட மாட்டேன். கையத் தூக்குங்க.”

முதலில் தர்ஷினி தூக்கினாள். அப்புறம் ஒருத்தன், அப்புறம் இரண்டு பேர். பாதி வகுப்புக்கு மேல் கை மேலே போய்விட்டது. கடைசியாகத் தூக்கியவன் முகுந்தன்.

“எங்க வச்சிருக்காங்க?” என்று அவனைக் கேட்டேன்.

“அடுப்புக்கு மேல பலகையில மிஸ். தேத்தண்ணிப் போத்தல் பக்கத்துல.”

பதினாறு வருடமாக அந்தப் பாடசாலையில் ஆபத்தான பதார்த்தங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, மண்டையோட்டுக் குறியீடு வரையச் சொல்லி, வரைந்ததற்குப் புள்ளியும் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

தர்ஷினியின் அப்பாவைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே வந்தார். ஒரு உரப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றார்.

“எங்க லயத்துல பத்து வீட்டுக் காம்பறாவுலயும் உள்ள மருந்தச் சேத்துக் கொண்டாந்திருக்கேன் மிஸ். ஸ்டோர்ல திருப்பிக் குடுத்தா கண்டாக்கையா கேப்பாரு, எங்கிருந்துடா வந்துச்சுன்னு.”

“நான் வாறேன்” என்றேன். “பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கச் சேத்ததுன்னு நான் சொல்றேன்.”

ஸ்டோரில் தோட்ட உத்தியோகத்தர் கண்டாக்கையா பையைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற தர்ஷினியின் அப்பாவையும் பார்த்தார். வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, “இனிமே மிஞ்சினத இங்கேயே ஊத்திட்டுப் போகச் சொல்லுங்க மிஸ்” என்று மட்டும் சொன்னார். பாடசாலைக் கேட்டடிக்குத் திரும்பி வந்ததும் தர்ஷினியின் அப்பா சொன்னார்.

“வீட்டுக்குக் கொண்டாராதப்பான்னு புள்ள சொல்றப்பவெல்லாம் நான் கேக்கல மிஸ். இப்ப எந்நேரமும் வீட்டுல மருந்து வச்சிருந்த பலகையத்தான் பாக்குறேன். ஒன்னும் இல்ல அதுல. நிம்மதியா இருக்கு.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. புதிதாக வருகிறவர்களே, பிள்ளைகளிடம் எதையும் கொண்டு வரச் சொல்லுமுன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு அன்றைய பாடம் நின்றுபோனாலும் பரவாயில்லை, நிற்கட்டும்.