உப்பளத்தில் நின்ற பன்னிரண்டு பேர்

எங்கள் விமான நிலையத்தில் நாற்பத்தெட்டு நாற்காலிகள் இருந்தன. அவற்றில் மூன்றுக்குக் கால் ஆடும். மின்விசிறி ஏழு. பயணிகளின் பெட்டிகளை எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் ஆறு வருடங்களில் அந்த இயந்திரத்தில் ஒரு பெட்டிகூட ஏறியதில்லை, ஏனென்றால் விமானம் எதுவும் வரவில்லை. பலாப்பழம் ஏறியது. காவலாளியின் கன்றுக்குட்டி ஏறியது. மருத்துவமனையில் சொன்ன எடையில் எனக்கு நம்பிக்கை வராததால், என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று அவளையும் துணியில் சுற்றி எடுத்துப் போய் ஏற்றினேன். மூன்று கிலோ நூறு. மருத்துவமனைக் கணக்கு சரிதான்.

இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கட்டடம் எழுந்துவிட்டது. நாற்காலிகள் இருநூறுக்கு மேல் என்கிறார்கள். நான் போய் எண்ணவில்லை.

திட்டப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். பொறியாளர் ஒருவர், வரைவாளனாகிய நான் ஒருவன். ஓடுபாதையை நீட்டுவது, கட்டடத்தைப் பெரிதாக்குவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று என் காலத்தில் ஐந்து திட்டங்கள் வரைந்தோம். நான்கு திட்டங்கள் தகரக் குழாய்க்குள் சுருண்டு பீரோவின் மேல் கிடந்தன. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் அவற்றை வெயிலில் விரித்துக் காயவைப்பேன். நான்கு காகிதங்களுக்கும் மூலைக்கொன்றாகப் பதினாறு கற்கள். எவருக்கும் வேண்டாத அந்தக் காகிதங்களில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று நான் பட்ட கவலையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நாட்களைப் போல நிம்மதியான நாட்களும் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இடையில் சில வருடங்கள் ஒரு சின்ன விமானம் வந்து போனது. பிறகு நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. வரும் காலங்களில் அது வடக்கேயிருந்து கடலோரமாகவே இறங்கி, மரக்காணம் உப்பளங்களுக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும். என் வீடு மரக்காணத்தில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். எத்தனை நிமிடம் தாமதம் என்று தெரியாமல் எனக்கு மன்றாட்டில் மனம் நிற்காது.

ஐந்தாவது திட்டத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. விமானம் விட்டால் ஏற எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதைக் கணக்கெடுக்கச் சாலையோர ஊர்களின் பேருந்து நிறுத்தங்களில் ஆள் நிற்க வேண்டும். எனக்கு மரக்காணம். ஏழு நாள், காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை. ஒரு படிவத்துக்குப் பதினோரு கேள்விகள். அவற்றில் பத்தைப் பயணியிடம் கேட்க வேண்டும். எங்கே போகிறார், எதற்குப் போகிறார், விமானம் இருந்தால் ஏறுவாரா, இப்படி. பதினோராவது கேள்வி எனக்கு. ‘இவர் உண்மையில் பயணம் செய்யக்கூடியவரா? ஆம், இல்லை.’ அதை நானே பார்த்து முடிவு செய்து எழுத வேண்டும்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, எல்லாரும் ‘ஏறுவேன்’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்பவனுடைய மனம் நோகக் கூடாதே என்ற மரியாதை பாதி, இலவசமாக எதையாவது கொடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு பாதி.

மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் கேட்டாள்: “ஏறுறேன்பா. கூடைய மடியில வெச்சிக்க விடுவானா?”

“விடமாட்டாங்கம்மா.”

“அப்ப கூடைக்கி தனி டிக்கெட்டா? பஸ்காரனே தேவல!”

சென்னைக்குப் போக நின்ற பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “மரக்காணத்துல நிறுத்துவானா?”

“இங்க எப்படிங்க நிறுத்தறது? ப்ளேன் ஆச்சே.”

“நின்னு ஏத்தாத வண்டிக்கி நீ எதுக்குப்பா இங்க வந்து நிக்கிற?”

ஆரோவிலில் தோட்ட வேலை செய்யும் ஆள் ஒருவர், தான் ஏறமாட்டேன், ஆனால் தன் வீட்டு வெள்ளைக்காரம்மாவைக் கூட்டிவர விமான நிலைய வாசல்வரை வருவேன், அது கணக்கில் வருமா என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதற்காக அன்று முழுவதும் எனக்கு மனது அரித்தது.

ஆனால் பதினோராவது கட்டத்தை நிரப்பும்போது எனக்கு ஒன்றும் அரிக்கவில்லை. ஆளின் காலைப் பார்ப்பேன். செருப்பில்லாத காலென்றால் ‘இல்லை’. உப்பள வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பத்தரை மணிக்கு மேல் அங்கேயிருந்து பெண்கள் நிறுத்தத்துக்கு வருவார்கள், கணுக்கால்வரை உப்புப் பூத்து, பாதம் வெடித்து. கேள்விகளைக் கேட்கும்போதே என் பேனா ‘இல்லை’ போட்டுவிடும்.

நான்காம் நாள் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். விமானத்தில் ஏறுவீர்களா என்றேன். ஏறுவேன் என்றாள். நான் எழுதினேன். அவள் எதிரே நின்றபடியே என் அட்டையைப் பார்த்தாள்.

“நான் ஆமான்னு சொல்றேன், நீங்க இல்லன்னு எழுதறீங்களே சார்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது வேற கட்டம்மா,” என்றேன்.

“வேற கட்டம் இல்ல. ‘பயணம் செய்யக்கூடியவரா’ன்னு போட்டிருக்குது. அதுக்கு நேரா எழுதியிருக்கீங்க.”

“தலைகீழாப் படிக்கிறியா?”

“எங்க வூட்ல ரெண்டு பேருக்கு ஒரே புக்கு. அக்கா நேரா உக்காந்துக்கும், நான் எதுத்தாப்ல. பத்தாவது வரைக்கும் தலைகீழாதான் படிச்சேன். பாஸாயிட்டேன்.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் காது சூடானது. சரி, எதற்காகப் பயணம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். வேலை, மருத்துவம், உறவினர், இதர. நான்கு கட்டங்கள்.

“பாக்கறதுக்கு.”

“யாரை?”

“எங்களத்தான்.”

மற்றவர்கள் இப்போது வாய்விட்டே சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி விளக்கினாள்: “சார், இதுக்கு ப்ளேன் வந்தாப் போதும். உப்பு வார்ற பலகையத் தூக்கித் தூக்கி ஆட்டும். என்னமோ அவன் நிறுத்தி இத ஏத்திக்கினு போறாப்ல! மேலேர்ந்து பாத்தா நீ எறும்புடி, எறும்புகூட இல்லன்னு சொன்னா கேக்காது.”

“தெரியும்னு நான் சொல்றேன்,” என்றாள் இவள். “வெள்ள வெளேர்னு கெடக்குது உப்பு. அதுல ஒரு ஆளு நின்னா தெரியாம பூடுமா? ஏறிப் பாத்தாதானே தெரியும்? நீங்க சொல்லுங்க சார், தெரியுமா தெரியாதா? நீங்க ஏர்போர்ட்டு ஆளுதானே.”

ஏர்போர்ட்டு ஆள்தான். ஆனால் அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை. சந்தர்ப்பம் வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தேன். ஓடுபாதையின் நீளத்தை அங்குலக் கணக்கில் வரைந்தவனுக்கு அது எவ்வளவு குறைவு என்று தெரியும். அதை நிறுத்தத்தில் வைத்துச் சொல்ல முடியவில்லை. “தெரியலம்மா,” என்றேன். ‘இதர’ கட்டத்தில் குறி போட்டேன். பதினோராவது கட்டத்தில் ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ என்று எழுதினேன். பேருந்து வரும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றிரவு தூக்கம் இல்லை. நான்கு நாள் படிவங்களை எண்ணிப் பார்த்தேன். காலைப் பார்த்து ‘இல்லை’ எழுதியவை அறுபத்து மூன்று. மீதி மூன்று நாளில் அவர்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டார்களோ அத்தனை பேரையும் நிறுத்தி மறுபடி கேட்டேன். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். எட்டுப் பேர் உண்மையாகவே போக வேண்டிய காரணம் வைத்திருந்தார்கள். “அன்னிக்கே சொன்னேனேப்பா, மறந்துட்டியா?” என்று ஒருவர் திட்டினார். திருத்தியதைப் பொறியாளரிடம் காட்டியபோது, “சார், ஒன்பது பேரால மொத்தத்துல ஒண்ணும் மாறப்போறதில்ல,” என்றார். மாறாதுதான். எனக்கும் தெரியும்.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். அதற்கு அடுத்த வருடம் ஐந்தாவது திட்டத்தில் ஓடுபாதை மட்டும் நீண்டது, விமானம் மறுபடி வந்தது. முதல் நாள் பெங்களூருக்குப் போய் அன்று காலையே திரும்பும் பயணத்துக்குப் பழைய ஊழியர்களுக்கு ஆறு இருக்கைகள் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று எனக்கு. கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த வாரமே என் இருக்கையை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய் நின்றபோது, நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒரு குமாஸ்தா, “உங்க தொல்ல தாங்கல சார்,” என்று கையெழுத்து வாங்கித் தந்தார்.

இதைத் தாராள மனசு என்று என் மகள் எல்லாரிடமும் சொல்கிறாள். அதில் பாதி பயம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தலைகீழாகப் படித்தவளைத் தேடி உப்பளத்துக்கே போனேன். வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் பலகையைக் கீழே போட்டாள். மேஸ்திரி முதலில் முறைத்தார், பிறகு, “போய்ட்டு வரட்டும். அப்பவாச்சும் பலகைய ஆட்டறத நிறுத்துதா பாப்போம்,” என்றார்.

“ஒரு நிபந்தனை,” என்றேன் நான். “திரும்பி வர்றப்ப இங்க ஆளுங்க நின்னு பலகையத் தூக்குவாங்க. எத்தனை பேர்னு நான் சொல்ல மாட்டேன். நீ எண்ணிட்டு வந்து சொல்லணும். இல்லன்னா தெரிஞ்சுதுன்னு எவன் நம்புவான்?”

“பரீட்சையா சார்?”

“பரீட்சைதான்.”

அந்தக் காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. சித்திரை மாத வெயில். பாத்திகளில் உப்பு தடிமனாக விளைந்து கிடந்தது. செருப்போடு உள்ளே விடமாட்டார்கள், கழற்றி வரப்பில் வைத்தேன். உப்பு முனை ஒவ்வொன்றும் பாதத்தில் குத்தியது. எட்டடி வைப்பதற்குள் இடது குதிகாலில் கீறல். அதில் உப்புநீர் பட்டதும் கண்ணில் நீர் வந்தது. “மெதுவா சார், பதமா வையுங்க கால,” என்றாள் எறும்புகூட இல்லை என்று அன்றைக்குச் சொன்னவள். அவளே எனக்கு ஒரு பலகையும் கொடுத்தாள். ஆட்களை நான்கு பாத்திகளில் பரப்பி நிறுத்தினேன். உப்பு வாருகிறவர்கள் பத்துப் பேர். குடையோடு மேஸ்திரி. உப்புக் குவியல் பக்கத்தில் நான். பன்னிரண்டு. இரண்டு தரம் எண்ணினேன்.

பத்து நாற்பதுக்கு வர வேண்டியது. பத்து ஐம்பதாயிற்று. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வடக்கே சத்தம் கேட்டது. “தூக்குங்க! தூக்குங்க!” என்று கத்தினேன். சாய்ந்து திரும்பியபோது அதன் ஜன்னல்கள் வெயிலில் மின்னின. அவள் எந்த ஜன்னலில் இருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? பத்துப் பேரும் பலகையை ஆட்டினார்கள், மேஸ்திரி குடையை ஆட்டினார். நான் கை வலிக்க வலிக்க ஆட்டினேன். இருபத்திரண்டு நொடி. பிறகு அது தெற்கே போய்விட்டது. எறும்பு என்று சொன்னவள் மட்டும் இன்னும் பலகையை இறக்காமல் நின்றாள்.

மத்தியானம் நிறுத்தத்தில் காத்திருந்தேன். உப்பளத்துப் பெண்களும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். மூன்றாவது பேருந்தில் வந்து இறங்கினாள். கோவில் திருவிழாவுக்குக் கட்டும் சேலை, புதுச் செருப்பு. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“தெரிஞ்சுதாடி?”

“தெரிஞ்சுது! நீ கூடத் தெரிஞ்ச. மஞ்ச சட்டை. ஓரமா நின்ன. மேஸ்திரி கொடைய விரிச்சிக்கினு நின்னாரு, கறுப்பா, பெரிய காளான் மாதிரி!”

ஒரே கூச்சல். நான் கையைத் தூக்கி அடக்கினேன். “எத்தனை பேர்?”

தயங்காமல் சொன்னாள். “பதினொண்ணு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நல்லா யோசிச்சு சொல்லும்மா.”

“ரெண்டு தரம் எண்ணினேன் சார்.” ஒவ்வொருவரையும் சட்டை நிறம், முண்டாசு நிறம், நின்ற பாத்தி என்று விரல்விட்டுச் சொன்னாள். பத்துப் பேர், மேஸ்திரியோடு பதினொன்று. ஒன்றுகூடத் தப்பில்லை. “ஏன் சார், நீங்க நிக்கவே இல்லியா?”

“நின்னேனே! குவியல் பக்கத்துல. பலகையத் தூக்கி ஆட்டினேனே!”

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன். காலையில் மகள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. வெள்ளை வேட்டி. தலையும் எப்போதோ வெளுத்தாயிற்று.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. தன் பேருந்தை இரண்டு முறை விட்டாள். குதிகால் எரிய நானும் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் பதினொன்று என்றே எழுதியிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தவள் அவள்தான். திருத்தவில்லை.