இரண்டு தடவை கூப்பிட்டவர்

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் சங்கிலிபூதத்தானின் குரலைக் கேட்காத வக்கீல் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் கறுப்புக் கோட்டு தைக்கவில்லை என்று அர்த்தம். வெள்ளைச் சட்டையும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக நீதிபதியின் அறை வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. டவாலி என்பார்கள். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஆள் வரவில்லையென்றால் உள்ளே போய், "கூப்பிட்டாச்சு, ஆளில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வழக்கு கவிழ்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். இதே வளாகத்து டீக்கடையில் கிளாஸ் கழுவ வந்து, கழுவிய கையோடு வக்கீல் பேச்சைக் கேட்டுக் கேட்டே வாய்தா, பிராது, தடையாணை எல்லாவற்றையும் தலைக்குள் ஏற்றிக்கொண்டவர். தினக்கூலி, பெருக்குகிற வேலை என்று படிப்படியாக ஏறி நாற்பது வயதில் நிரந்தரமானார். யாருடைய சிபாரிசும் கிடையாது. இதை அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். சொல்லட்டுமே, சொல்வதற்கு இருக்கிறவன்தானே சொல்ல முடியும்! வாசலில் ஒலிபெருக்கி மாட்ட வந்த ஆளை, "எம் பக்கத்துல இத மாட்டுனா இதுக்குத்தான் கேவலம் வே" என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

அப்படிப்பட்ட குரலுக்குள் ஐம்பத்தேழாவது வயதில் ஏதோ காலியாகிப்போனது.

தொண்டையில் கோளாறு இல்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சின்னப் பையன் தொண்டை மாதிரி இருக்கிறது என்றார். கோளாறு பெயர்களில் இருந்தது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பெயர், ஒவ்வொன்றும் மூன்று தடவை. கூப்பிடக் கூப்பிடப் பெயருக்கும் ஆளுக்கும் இருந்த ஒட்டு விட்டுப்போனது. ஒரு பெயரைக் கூப்பிட்டு, அந்த ஆளே எதிரில் வந்து கும்பிட்டு நின்றால் திடுக்கென்றிருக்கும், இதற்குள் ஒரு மனிதன் இருந்தானா என்று. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வாய் தானாக முணுமுணுக்கும். பக்கத்தில் இருப்பவர் பைய எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். காலையில் சவரம் செய்யக் கண்ணாடி பார்த்தால், அதில் இருக்கிற முகத்துக்கு என்ன பெயர் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பிரேமலதா, பிரேமலதா, பிரேமலதா" என்று மூன்று தடவை கூப்பிட்டார்.

"நான் என்ன பிரதிவாதியா?" என்றாள் அவர் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "ஆளு இங்கனதான் இருக்கேன். பைய கூப்பிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது.

வேலையை விட முடியாது. பிரேமலதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய் நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையிலேயே டயாலிசிஸ். அது நடப்பது அவருடைய அரசு வேலையில் கிடைத்த காப்பீட்டு அட்டையில். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் பிரேமலதா எத்தனை நாள் இருப்பாள் என்று டாக்டரிடம் அவர் கேட்டதில்லை.

முகம்மது சுல்தான் ஒரு வக்கீலின் குமாஸ்தா. முப்பது வருடப் பழக்கம். டீக்கடையில் அவர்தான் முதலில் சொன்னார்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரியும் வே. உம்ம மூஞ்சியில ஈயாடல."

"எழுதிக் குடுத்துட்டா வாரத்துல மூணு நாளைக்கு யாரு பதில் சொல்லுவா, நீரா?"

சுல்தான் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். பிறகு விளையாட்டாக, "அப்ப ரெண்டு தடவையோட நிறுத்தும். எவன் எண்ணப் போறான்?" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பங்குனி வெயில் வளாகத்தைக் கருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சங்கிலிபூதத்தான் ஒரு பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்கு வாயைத் திறந்தார், காற்று வரவில்லை. உள்ளே போய், "கூப்பிட்டாச்சு, ஆளில்லை" என்றார். யாரும் தலை தூக்கவில்லை. மறுநாள் பத்துப் பெயருக்கு இரண்டோடு நிறுத்தினார். அடுத்த வாரம் எல்லாப் பெயருக்கும். மற்றவன் மூன்று தடவை கத்துவதும் தான் இரண்டு தடவை கூப்பிடுவதும் ஒன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் வர ஆரம்பித்தாள்.

வராந்தாவின் கடைசி பெஞ்சு. அறுபது வயதுக்கு மேலிருக்கும். கண்டாங்கிச் சேலை, மடியில் மஞ்சள் பை. பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்தால் நீதிபதி எழுந்து போகும்வரை அசைய மாட்டாள். அவள் பார்வை வேறெங்கும் போகாது, அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டியலில் அவள் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஏழு நாள். அவர் கூப்பிடுகிற எந்தப் பெயருக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் போய்க் கேட்டார். "ஏம்மா, ஒங்க கேசு எது?"

"அது முடிஞ்சுபோச்சு அய்யா. பன்னெண்டு நாளாவுது."

"முடிஞ்சாச்சுன்னா பெறகு எதுக்கு இங்கன வந்து உக்காந்திருக்கிய?"

"நீங்க இன்னும் என்னைய மூணாவது தடவ கூப்பிடலியே."

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஊரும் பேரும் கேட்டார்.

வடிவம்மாள், பத்தமடைக்கு அங்கிட்டு ஒரு கிராமம். மகன் பெருமாள்ராஜ் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் எட்டு வருடமாகத் தகவல் இல்லை. அவன் இறந்துபோனதாக அறிவிக்க வேண்டும் என்று மருமகள் வழக்குப் போட்டிருந்தாள். அவளுக்கும் வயது முப்பதுதான், எத்தனை காலம் காத்திருப்பாள். இல்லை, என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வடிவம்மாள் வந்திருந்தாள். பெயர் கூப்பிடுவது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. ஆளில்லை என்று அவர் உள்ளே போய்ச் சொன்ன கால் மணி நேரத்தில், பெருமாள்ராஜ் காகிதத்தில் செத்துப்போனான்.

"மொதத் தடவையே எந்திரிச்சு வந்திருக்கலாமேம்மா."

"உச்சிப்பொழுதுல ஒத்தக் கூப்பாட்டுக்கும் ரெட்டக் கூப்பாட்டுக்கும் ஏன்னு கேக்கப்புடாதுல்லா? பேயி ரெண்டோட நிறுத்திரும், மூணாவது கூப்பிட்டாத்தான மனுசன். நானும் அதுக்குத்தான் காத்துக் கெடந்தேன்." அவள் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. பயந்தாற்போலப் பார்த்தாள். "கொரலும் மனுசக் கொரலா இல்ல அய்யா. ஆளில்லாத வீட்டுக்குள்ள காத்து சுத்துத மாதிரி இருந்துச்சு."

தன் குரலைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். இதை யாரும் சொன்னதில்லை. எழுந்து நடந்தார். உண்மையை வெளியில் சொன்னால் என்னவாகும்? விசாரணை வரும். வேலை போகும். அட்டை போகும். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவரை யாரோ கூப்பிட்டார்கள்.

"சங்கிலிபூதத்தான்."

வளாகத்தில் எல்லோருக்கும் அவர் சங்கிலி, இல்லையென்றால் அண்ணாச்சி. முழுப்பெயர் பணிப்பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. திரும்பிப் பார்த்தார். வராந்தா வெறிச்சென்று கிடந்தது. கடைசி பெஞ்சில்கூட யாரும் இல்லை. "சங்கிலிபூதத்தான்" என்று இன்னொரு தடவை கேட்டது. மூன்றாவதாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினம் வந்தது. ஒரு நாள் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில், அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் இரண்டு தடவை. ஒரு நாள் கொக்கிரகுளம் படித்துறையில் கால் நனைத்து நின்றபோது, தாமிரபரணித் தண்ணீருக்கு மேலாக வந்ததுபோல இரண்டு தடவை. சில நாள் ஆண் குரல், சில நாள் பெண் குரல். எப்போதும் வெயில் உச்சியில் நிற்கிற நேரம். அவர் ஒரு தடவையும் ஏன் என்று கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருப்பார். மூன்றாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லடித்தால்கூடக் காதில் விழாத மாதிரி ஓர் அசதி. அடுத்த வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. அப்போது வந்தது.

"சங்கிலிபூதத்தான்."

பெண் குரல். இன்றைக்கு ரொம்பப் பக்கத்தில். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சங்கிலி... பூதத்தான்."

வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று நினைத்தார். அசையவில்லை. மூன்றாவது வரவில்லை. வேப்பம்பூ உதிர்கிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. பத்து நிமிடம் இருக்கும். தாகமெடுத்துத் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனார்.

குளியலறைக் கதவு நிலையில் சாய்ந்து பிரேமலதா விழுந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்து, மூச்சு மீன் மாதிரி வாயில் துடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் போகும்போது அவள் தலை அவர் மடியில் இருந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் நாங்கள் செய்ய ஒன்றும் இருந்திருக்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாயங்காலம் பேச முடிந்ததும் அவளே சொன்னாள்.

"ஏங்க, ஏங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன். இப்பல்லாம் அது ஒங்க காதுல ஏற மாட்டேங்குது. பேரச் சொன்னாத்தான் ஒங்களுக்குக் கேக்கும்னு நெனச்சு, ரெண்டு தடவ சொல்லிட்டேன். அதுக்கு மேல மூச்சு வரல." கொஞ்சம் நிறுத்தி, "புருசன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன், கோவிச்சுக்கிடாதிய" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவள் வாயில் அவர் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே அவர் தலைமை எழுத்தர் அம்பலவாணனின் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு வெள்ளைத்தாள். வடிவம்மாளை இரண்டு தடவைதான் கூப்பிட்டேன், மூன்று என்று பொய் சொன்னேன், ஒரு மாதமாக எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டேன் என்று முழுக்கத் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அம்பலவாணன் இரண்டு தடவை படித்தார். "எழுத்துப் பிழை நாலு இருக்கு."

"இருக்கட்டும் சார். நான் எழுதுனதுன்னு தெரியணும்லா."

"இத நான் வாங்கிட்டேன்னா திருப்பித் தர முடியாதுவே. உம்ம வீட்டம்மா வைத்தியம் இதுல தொங்குது. யோசிச்சீரா?"

"ராத்திரி பூரா அதத்தான் சார் யோசிச்சேன். நான் இப்படியே கூப்பிட்டுக்கிட்டிருந்தா கார்டு இருக்கும். அவ இருக்க மாட்டா. வேலைய விட்டு அனுப்பாதிய. இந்த வாசல்ல இருந்து மட்டும் எடுத்துவிடுங்க. பெருக்கச் சொன்னாலும் பெருக்குதேன். பெருக்கித்தான் வந்தேன்."

அப்படி அவர் யாரிடமும் கேட்டவரில்லை. கேட்டபோது காது மடல் சிவந்துபோனது.

விசாரணை நடந்தது. ஊதிய உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார்கள். சிவப்புப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு பதிவறைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை, அட்டையும் போகவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளை வைத்து, சுல்தானின் வக்கீல் வடிவம்மாளுக்காக மனுப் போட்டார். முந்தைய தீர்ப்பு ரத்தாகி வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. அவர் இடத்துக்கு வந்த பெண் வடிவம்மாளை மூன்று தடவை கூப்பிட்டாள். கிழவி மூன்றாவதுக்கு எழுந்து உள்ளே போனாள்.

அன்று நடந்ததைச் சுல்தான் பதிவறைக்கே வந்து சொன்னார். வழக்கமாக வாசலிலிருந்தே கத்துகிற மனிதர், அன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

"எதிர்த்தரப்பு வக்கீலு கேட்டாரு, ஒம் மவன் உசுரோட இருக்கான்னு எப்படிம்மா சொல்லுதன்னு. அவ சொல்லுதா, தெனம் மத்தியானம் வாசல்ல வந்து 'எம்மா'ன்னு கூப்பிடுதான்யாங்கா."

"பெறகு?"

"எத்தன தடவ கூப்பிடுதான்னு நம்ம ஜட்ஜ் அய்யாவே கேட்டுட்டாரு. ரெண்டு தடவைன்னா. மூணாவதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன்னா."

வழக்கு இன்னும் நடக்கிறது. கிழவி வாய்தாவுக்கு வாய்தா வந்து போகிறாள்.

பதிவறையில் பழைய காகித வாசனையும் ஒரு மின்விசிறியும்தான் துணை. அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கேட்கிற வழக்குக் கட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். எந்த வருடத்துக் கட்டு எந்த அலமாரியில் என்பது மூன்றே மாதத்தில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. படித்த எழுத்தர்களே வந்து அவரிடம்தான் கேட்கிறார்கள் என்பதை இப்போது வாரத்துக்கு ஒரு தடவை சொல்கிறார். செவ்வாய், வியாழன், சனியில் விடியற்காலை பிரேமலதாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் சொச்சம். ஓட்டிவிடலாம் என்றுதான் தெரிகிறது.

மத்தியான வேளையில் வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் அவர் எண்ணுவதில்லை. முதல் தடவையிலேயே, "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்து கதவுக்குப் போய்விடுகிறார். சில நாள் நகல் கேட்டு யாராவது நிற்பார்கள். சில நாள் வராந்தாவில் யாரும் இருக்க மாட்டார்கள், வெயில் மட்டும் இருக்கும். அப்போதும் அவர் உடனே திரும்பிவிடுவதில்லை. கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எதிரே ஆள் நிற்பதுபோலவே தணிவாகக் கேட்கிறார்.

"சொல்லுங்க. என்ன வேணும்?"