எண்ணெய் கக்கிய மெழுகு

கல்முனையில் அந்தக் காலத்தில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்களை எண்ண ஒரு கை போதும். எண்ணுகிறவர்கள் கட்டைவிரலில் என்னை வைத்துத் தொடங்கினால் எனக்கு மறுப்பில்லை. மற்றவர்களுக்கு வாப்பா விட்டுப்போன வயல் இருந்தது, கடை இருந்தது. எனக்கு ஒரு கரத்தையும் அதை இழுக்கச் சோம்பல்பட்ட ஒரு மாடும்தான். பள்ளிக்கூடத்துக்குள் நான் ஒழுங்காகப் போய் வந்தது, அதன் கூரைக்கு ஓடு ஏற்றி இறக்கிய நாட்களில் மட்டும். அப்படிப்பட்டவன் கல்லோயா அணைக்கட்டு வேலை நடந்தபோது சாமான் ஏற்றி இறக்கி, லொறி ஓட்டப் பழகி, கடைசியில் தன் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவருடைய கறுப்புக் காரை வாங்கினேன் என்றால், அது லேசான காரியமில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

துரை காரோடு சேர்த்து ஒரு டின்னும் தந்தார். உள்ளே உறைந்த நெய் மாதிரி மஞ்சளாக ஒரு மெழுகு. துணியில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, வேறு துணியால் துடைத்தால் கார் எருமைக்கன்று குளத்தால் எழும்பி வந்த மாதிரி மினுங்கும். கொழும்புக்குப் போகாமல் இன்னொரு டின் கிடைக்காது. அதனால் ஒரு பெருநாளைக்கு ஒருதரம்தான் அதைத் திறப்பேன். மற்ற நாட்களில் அது டிக்கிக்குள் பத்திரமாகக் கிடக்கும்.

கிடந்ததுதான் வினை. ஆடி அமாவாசைக்கு வீரமுனையில் இருந்து ஒரு குடும்பத்தைத் திருக்கோவிலுக்கு ஏற்றிப் போனேன். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற மாதம். அவர்கள் தீர்த்தமாடிப் பூசை முடித்துத் திரும்பும் மட்டும் கார் வெள்ளை மணலில் நின்று வெந்தது. காரை நிழலில் விட்டிருக்கலாமே என்று என் மனைவி பிறகு கேட்டாள். நிழலெல்லாம் மாட்டு வண்டிக்காரர்கள் முன்னமே பிடித்துக்கொண்டார்கள். காருக்கு மாடு எழும்பி இடம் கொடுக்குமா?

மனைவியைப் பற்றிச் சொன்னால் அவளுடைய உம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். நானும் அப்படி வந்தவன். ஆனால் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது மரியாதையில்லை. என் மாமி இந்த மரியாதையை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு காத்தவர். எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்லுவார். மகள் இல்லாவிட்டால் பூனைக்குச் சொல்லுவார். நான் வீட்டுக்குள் வந்து வருசங்கள் போயும் என்னிடம் நேராக ஒரு சொல் சொன்னதில்லை. பூனைதான் பாவம், என் குறைகளையெல்லாம் கேட்டு மெலிந்துபோயிருந்தது.

அந்த மாதம்தான் மனைவியின் தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளை சாய்ந்தமருதில் ஒரு வாத்தியார், இங்கிலீசு படித்தவர். மாமனார் மௌத்தாகிப் பல வருசம். வாப்பா இல்லாத வீடு, ஒப்பேற்ற ஆளில்லை என்று ஒருவரும் வாய் திறந்துவிடக்கூடாது என்பதே மாமிக்கு இருந்த ஒரே பயம். பந்தலில் இருந்து வெற்றிலைத் தட்டு வரைக்கும் தானே நின்று பார்த்தார். மாப்பிள்ளை வந்து இறங்குகிற கார் மட்டும் என் பொறுப்பு.

மாப்பிள்ளையின் பெரிய வாப்பா கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னமே காரைப் பார்க்க வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கடற்காற்றின் உப்புப் பட்டுப் பட்டுக் கார் மங்கிப்போயிருந்தது. மட்காட்டில் ஒரு விரலால் கோடு இழுத்து, விரலைப் பார்த்தார்.

"கார் கிடக்கட்டும் தம்பி. எங்கட ஊர் முதலாளிர கார் ஒண்டு இரிக்கி. முகம் பாக்கலாம் அதுல. மாப்பிள அதுல வந்தா உங்களுக்கு என்ன குறை?"

என்ன குறையா? பெண் வீட்டு வாசலில் கார் நிற்க, மாப்பிள்ளை அடுத்த ஊரானின் காரில் வந்து இறங்கினால், இந்த வீட்டுக் கார் மாப்பிள்ளைக்கு ஆகாதாம் என்ற கதை அந்தக் கார் திரும்பிப் போகுமுன்னே மருதமுனை வரைக்கும் போய்விடும். திரைக்குப் பின்னால் மாமி இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

"நாளைக்கு அசர் தொழுதிட்டு வந்து பாருங்க. அதுக்குப் பிறகு சொல்லுங்க, முதலாளிர காரா எங்கட காரா எண்டு" என்றேன்.

அவர் போன பிறகு டிக்கியைத் திறந்து டின் மூடியைக் கழற்றினேன். நெய் மாதிரி இருந்த மெழுகைக் காணவில்லை. மேலே மஞ்சள் எண்ணெய் தளதளவென்று நின்றது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, குச்சியால் குத்தினால் குச்சி முறிகிற மாதிரி. டின்னைச் சுற்றி இங்கிலீசில் நிறைய எழுதியிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்களுக்குத் தெரிய மாப்பிள்ளைதான். உங்களை ஏற்ற வேண்டிய காரின் மெழுகு கெட்டுப்போச்சு, கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் போய் நிற்க முடியுமா?

அடுத்த நாள் விடிந்ததும் முற்றத்தில் தொதல் அடுப்பு மூட்டிவிட்டார்கள். கலியாண இனிப்பென்றால் எங்களுக்குத் தொதல்தான். பெரிய தாச்சியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இரண்டு பெண்கள் மாறி மாறித் துடுப்புப் போட, மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பதம் பார்த்தார். தொதல் பதத்தில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே பூனைக்குச் சொன்னது.

கட்டி கொஞ்சம் இளகட்டும் என்று டின்னை மூடாமல் அடுப்புக்குத் தள்ளி, சூடு படுகிற ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றடியில் கார் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டின்னில் எண்ணெய் ஒரு துளி இல்லை. வெறும் கட்டி. ஒரு துண்டைக் கிள்ளிக் காரில் தேய்த்தேன். காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. தேய்த்த இடம் முன்னைவிட மங்கியது.

எண்ணெயை எடுத்தது யார் என்று மனைவியிடம் கேட்டேன். முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் இடையே கட்டிய கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பதில் வந்தது, எனக்கு இல்லை, மகளுக்கு.

"நான்தான் வடிச்சன். எண்ணெய் கக்கினாப் பதம் வந்திட்டு. அதுக்குப் பிறகும் எண்ணெயோட உட்டா ருசி கெட்டிரும். அவருக்குச் சொல்லு புள்ள."

தொதல் கிண்டுகிற எந்த வீட்டிலும் இதுதான் சட்டம். மேலே எண்ணெய் பிரிந்து வந்தால் வேலை முடிந்தது, வடித்துவிட்டு இறக்கு. மாமியின் கண்ணுக்கு என் டின்னும் ஒரு சின்னத் தாச்சி. தாச்சி என்றால் பதம், பதம் என்றால் வடிக்க வேண்டும்.

"உங்கட உம்மாக்குச் சொல்லு, இது தின்னுற சாமான் இல்ல, கார் பொலிஷ் எண்டு" என்றேன்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல வாய் திறக்குமுன் வேலிக்கு அந்தப் பக்கம் பூனைக்குச் சொல்லப்பட்டது. "இத்தன வருசமாத் தொதல் திண்டிரிக்கார் இந்தக் கார்க்காரர். இன்னும் பதம் எண்டா என்னெண்டு தெரியல்ல."

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் கரத்தையிலேயே இருந்திருப்பான். வடித்த எண்ணெய் எங்கே என்றுதான் கேட்டேன். மாமி எண்ணெய் என்று எதையும் நிலத்தில் ஊற்றாத ஆள். ஒரு போத்தலில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் போத்தல் நிறையவில்லை. மீதி மாமியின் முழங்காலில் இருந்தது. மூக்கில் ஏறுகிற மணத்தைப் பார்த்து வலிக்கு நல்ல தைலம் என்று நினைத்து இரண்டு காலுக்கும் பூசியிருக்கிறார். கால் வலி குறைந்திருக்கிறதாம். மனைவி இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சுப் போதவில்லை.

நான் போத்தலை மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்க்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு மணம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதையா அடுப்பு ஓரம் வைத்தேன், இதையா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வடித்தார்? நெருப்புப் பிடித்திருந்தால் கலியாணப் பந்தலே போயிருக்கும். டின்னையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஒரு சட்டியில் கொதிநீர் மட்டும் அடுப்பில் இருந்து வாங்கி வரச்செய்தேன். போத்தல் எண்ணெயைத் திரும்ப டின்னுக்குள் ஊற்றி, முழங்காலுக்குப் போன பங்குக்கு விளக்குப் போத்தலில் இருந்து கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு, டின்னைக் கொதிநீருக்குள் நிற்க வைத்தேன். நெருப்பில்லாமல் சூடு. இந்த மூளை எந்தப் பள்ளிக்கூடத்தில் தருவார்கள்?

கட்டி கரைந்தது. எல்லாம் ஒரே எண்ணெயாக, ஒரே நிறமாக வந்தது. நான் சந்தோசமாக ஒரு சுருட்டுப் பற்ற வைக்கலாம் என்று தூரப் போய் வந்தேன். ஆறிய பிறகு பார்த்தால், மேலே எண்ணெய், கீழே கட்டி. திருக்கோவிலில் நடந்தது எங்கள் கிணற்றடியில் திரும்ப நடந்திருந்தது. மறுபடி கொதிநீர் வாங்கினேன். மறுபடி கரைந்தது, மறுபடி பிரிந்தது. சூரியன் தலைக்கு மேலால் மேற்கே சரியத் தொடங்கிவிட்டது. பெரிய வாப்பா லுகர் தொழுதிருப்பார். அடுத்த தொழுகை முடிய இங்கே வந்து நிற்பார். அவர் விரலால் இன்னொரு கோடு இழுத்தால் கதை முடிந்தது.

மூன்றாம்தரம் கரைந்தபோது பக்கத்தில் நின்றே ஒரு குச்சியால் கலக்கினேன். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று, இடையில் நெற்றி வியர்வை துடைக்க ஒரு நிறுத்தம். வேலிக் கிடுகு விலகி விலகி மூடுவது தெரிந்தது. மாமியால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். பிழையாகக் கிண்டுகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தொழுகையில் இடறுகிறதைப் போல. முதலில் மகளைக் கூப்பிட்டார். மகள் தாச்சித் துடுப்போடு நின்றாள், வர முடியாது. பூனையைத் தேடினார். அதுவும் மீன் வெட்டுகிற இடத்துக்குப் போயிருந்தது.

முக்காட்டை மூக்கு மட்டும் இழுத்துக்கொண்டு மாமி வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தார்.

"குச்சியத் தாங்க மகன்."

நான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது, கை தானாகக் கொடுத்தது.

"ஒரே பக்கமாக் கிண்டணும். கைய எடுக்கப்படா. ஆறும் மட்டும் எடுக்கப்படா. நீங்க சூடு ஆறுமுன்ன உட்டுட்டுப் போறீங்க, மறுகா அது பிரியாம என்ன செய்யும்?"

கொதிநீர்ச் சட்டியை எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியை வைக்கச் சொன்னார். வைத்தேன். டின் குளிரக் குளிர அவர் கிண்டினார். எண்ணெய் கூழானது, கூழ் இறுகியது, குச்சி போகிற பாதை மெழுகில் தெரியத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பழைய நெய் நிறமே வந்துவிட்டது. குச்சியை நட்டுப் பார்த்தார், நின்றது. "இதுதான் பதம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் கதைத்தது அப்போதுதான் நினைவு வந்தவர் மாதிரி விறுவிறு என்று வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நியாயம் நியாயம்தான். கிண்டினது அவர். ஆனால் கொதிநீர்ச் சட்டி என்னுடையது, மண்ணெண்ணெய் என்னுடையது, கார் என்னுடையது. இதை யாரும் மறக்கக்கூடாது.

காரை மாமர நிழலுக்குத் தள்ளினேன். முதலில் யாரும் பார்க்காத பின்பக்க மூலையில் ஒரு உள்ளங்கை அளவு தேய்த்துப் பார்த்தேன். உதிரவில்லை, ஒட்டியது. காயவிட்டுப் பழைய சாரன் துணியால் துடைத்தேன், மாவிலை அந்த மினுக்கத்துக்குள் ஆடியது. பிறகு நான் எப்படித் தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது. தோள் கழன்று விழாதது அல்லாஹ்வின் காவல். முற்றத்துப் பெண்கள் தொதலை இறக்கிவிட்டுக் கூட்டமாக வந்து பார்த்து, மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அசர் முடிந்து பெரிய வாப்பா வந்தார். தனியாக வரவில்லை, முதலாளியின் காரிலேயே வந்தார். காரை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். என் காரைச் சுற்றி நடந்தார். விரலை நீட்டினார், பிறகு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். கதவுப் பக்கம் குனிந்தார். அங்கே அவருடைய தாடியும் தொப்பியும் எங்கள் மாமரமும் பந்தலின் ஒரு மூலையும் தெரிந்தன. தொப்பி சாய்ந்திருப்பதை அதிலேயே பார்த்துச் சரி செய்தார். நான் துடைத்த சாரனை உதறி மடித்தேன்.

"பொலிஷ் எங்கால எடுத்த?" என்று கேட்டார். "நம்மட முதலாளியும் கேப்பார்."

கொழும்பு, துரை, கொதிநீர்ச் சட்டி என்று முழுக் கதையையும் எடுத்து வைக்க நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறக்குமுன் கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து, ஊருக்கே கேட்கிற குரலில், பதில் போய்விட்டது.

"அது எங்கட ஊட்டுப் பக்குவம். வெளியில சொல்லுறதில்ல."

பெரிய வாப்பா திரைப் பக்கம் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், நாளைக்குப் பொழுதுபட மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையை ஏற்ற வந்தால் சரிதானே என்று கேட்டார். சரி என்றேன். முதலாளியின் டிரைவரைப் பார்த்து, நாளைக்கு வரத் தேவையில்லை என்று முதலாளிக்குச் சொல்லிவிடும்படி சொன்னார்.

உள்ளே இருந்து தட்டில் தொதல் வந்தது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, இதுவும் அதே கையா என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.