மூன்று பச்சை

ஜேர்மனியின் கேர்ப்பனில் பேர்பெச்சுவாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். பகலில் பாடசாலைச் சமையலறையில் வேலை. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால், கேட்காமலே தாய்க்குப் பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். போர்விமானிகள் வானத்தில் பேசிக்கொள்வதைக் கேட்பதற்கென்றே எல்லை தாண்டிப் போகிறவர் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் முதலில் நம்பவில்லை. விமானச் சத்தத்துக்கு அவரைப்போலப் பயந்தவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருந்ததில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையில், மன்னாரில் அவர் குமர்ப்பிள்ளையாக இருந்த போர்க்காலத்தில், வானத்தில் இரைச்சல் கேட்டால் அடுத்தது குண்டு. ஜேர்மனிக்கு வந்து வீடு கிடைத்ததோ விமானப்படைத் தளம் ஒன்றின் பக்கத்தில். வந்த புதிதில் பயிற்சி விமானம் கூரைக்கு மேலால் போகும்போதெல்லாம், கைக்குழந்தை மெலனியை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். மெலனி வளர்ந்து, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தாய் மேசைக்குக் கீழே போவதை நிறுத்தியிருந்தாலும், சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போடும் பழக்கம் மட்டும் விடவில்லை. அந்த வீட்டில் ஒரே சோடிக் கோப்பைகள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் நீண்ட ஏரியல் வைத்த சின்ன வானொலி ஒன்றைக் கண்டார். வத்திக்கானின் தமிழ் ஒலிபரப்பைப் பிடிக்கலாம் என்று நினைத்து வாங்கிவந்தார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, சமையலறையில் வெங்காயம் வெட்டியபடி பொத்தான்களை அமத்திப் பார்த்தார். செபமும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. கரகரவென்று ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ இலக்கங்கள் சொன்னது. பிறகு அந்தக் குரல் பலமாகத் தும்மியது. உடனே வேறொரு குரல், தும்மினவருக்கு ஜேர்மன்காரர் சொல்கிறபடி "கெசுண்ட்ஹைற்" என்று வாழ்த்தியது. மூன்றாவது ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் யன்னல் கண்ணாடிகள் அதிர, விமானங்கள் வீட்டுக்கு மேலால் போயின.

பேர்பெச்சுவா வெங்காயத்தைக் கீழே போடவில்லை. கத்தியும் கையுமாக யன்னலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"தும்மினது நீயோ?" என்று வானத்தைக் கேட்டார்.

அன்று தொடங்கியது. வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணியும் அந்தப் பெட்டியும்தான். வானத்தில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னார்கள். மழைமுகிலைத் திட்டினார்கள். எரிபொருள் முடியப்போகிறது, வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். மன்னாரில் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத் திரும்பி வந்தது. சத்தத்துக்குள் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆகவில்லை, மெலனி கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, இது verboten. தடை. உங்களுக்கெண்டு சொல்லாத கதையை ரேடியோவிலை கேக்க ஏலாது. இஞ்சை சட்டம் அப்பிடி."

"அவங்கள் ஆகாசம் முழுக்கக் கேக்கக் கதைக்கிறாங்கள். நான் காதைப் பொத்திக்கொண்டோ இருக்கிறது?"

"பொத்தத் தேவையில்லை. பெட்டியை நிப்பாட்டுங்கோ."

கணவர் ராசனுக்கு வியர்த்துவிட்டது. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சிவப்பு விளக்கில் தெரு வெறிச்சோடிக் கிடந்தாலும் நடந்து கடக்க மாட்டார். "இஞ்சரும், முப்பது வருசமா ஒரு பொலிஸ்காரனும் எங்கடை மணியை அடிச்சதில்லை" என்று சொல்லி, வானொலியின் பற்றரிகளைக் கழற்றித் தன் அலுமாரிக்குள் வைத்தார்.

பேர்பெச்சுவா சட்டத்தை மீறுகிறவர் இல்லை. ஆனால் வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்கத்தானே தடை, பார்க்க இல்லையே என்று விமானத்தளத்து வேலிப்பக்கம் நடக்கத் தொடங்கினார். அங்கே, வேலிக்கு மேலால் விமானங்களைப் படம்பிடிக்க, ஓர் ஏணிமேல் கமராவோடு ஒரு பெண் நின்றார். பெயர் ஹைகே. கொலோனில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாள் பேர்பெச்சுவா ஒரு பெட்டி நிறையப் பொரித்த பற்றிஸ் கொண்டுபோனார். மூன்றாம் நாள் ஹைகே இரண்டு ஏணிகளோடு வந்தார்.

வானொலிக்கு வந்த கதியைக் கேட்ட ஹைகே சிரித்தார். "பேர்ப்பி, எல்லைக்கு அந்தப் பக்கம், நெதர்லாந்திலே, அதைக் கேட்பதற்குத் தடையில்லை. விமானம் பார்க்கிற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை போகிறோம். நீயும் உன் பெட்டியைக் கொண்டு வா."

மெலனி அலுவலகத்தில் விசாரித்து, சரிதான் என்றாள். ராசன் மூன்று நாள் யோசித்தார். பிறகு, தானே கார் ஓட்டுவதாகவும் எல்லை தாண்டும்வரை பற்றரிகள் தன்னிடமே இருக்கும் என்றும் சொன்னார். அப்படியே போனார்கள். நெதர்லாந்தின் நீலப் பலகையைக் கடந்து, அடுத்த தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து பற்றரிகளை எடுத்து மனைவியின் கையில் ஒவ்வொன்றாக வைத்தார். பின் இருக்கையில் ஹைகே கைதட்டினார்.

அங்கே படைத்தளத்து வேலியோரம், மாடு மேயும் வயலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே, மடக்குக் கதிரைகளில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். காலையில் நான்கு விமானங்கள் எழுந்து போயின. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் திரும்பத் தொடங்கின. இறங்குமுன் ஒவ்வொரு விமானியும் "த்ரீ கிரீன்" என்றார்.

"மூன்று சக்கரமும் வெளியே வந்து பூட்டிக்கொண்டால் உள்ளே மூன்று பச்சை விளக்கு எரியும்" என்று ஹைகே விளக்கினார்.

முதலாவது, மூன்று பச்சை. இரண்டாவது, மூன்று பச்சை. மூன்றாவதும் அப்படியே இறங்கியது. நான்காவது குரல் ஒரு பெண்ணுடையது. அவள் சற்றுப் பொறுத்து, "டூ கிரீன்" என்றாள். முன்சக்கரத்து விளக்கு எரியவில்லையாம்.

கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஓடுபாதையோரம் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த ஆண்குரல், தாழப் பறந்து போ, சக்கரத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்றது. விமானம் அவர்கள் தலைக்கு மேலால் தாழ்ந்து வந்தது. காது கிழியும் சத்தம். ராசன் காதைப் பொத்திக் குனிந்தார். பேர்பெச்சுவா நிமிர்ந்து நின்று சக்கரத்தை எண்ணினார்.

"மூண்டும் வெளியிலைதான் நிக்குது. எனக்குத் தெரியுது" என்றார். கோபுரமும் அதையே சொன்னது. ஆனால் அது பூட்டியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இறக்கித்தான் பார்க்கவேண்டும்.

விமானம் பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. பேர்பெச்சுவாவின் உதடுகள் மாதாவின் அருள்நிறை மந்திரத்தை முணுமுணுத்தன. பின்சக்கரங்கள் நிலத்தைத் தொட்டன. மூக்கு மெல்ல மெல்ல இறங்கியது; இறங்கி, நின்றது. மடங்கவில்லை. விளக்கில்தான் பழுது.

"வீட்டுக்கு வந்தாயிற்று. கோப்பி ஆறவில்லை" என்று கோபுரத்துக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது.

"பால் வேண்டாம்" என்றாள் அந்தப் பெண்.

வேலியோரத்தில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேர்பெச்சுவா கண்ணைத் துடைத்துவிட்டுப் பற்றிஸ் பெட்டியைத் திறந்தார். ராசன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீர் அந்தப் பிள்ளைக்குச் செபம் சொன்னீர், என்ன?"

"ஓம். சொன்னன்." ஒரு பற்றிஸை எடுத்து அவர் கையில் வைத்தார். "அதுக்காக, அங்கை எங்கடை தலையிலை குண்டு போட்டவங்களை மன்னிச்சுப் போட்டன் எண்டு நினையாதேங்கோ. அது வேறை. இவள் மெலனியின்ரை வயசுதான் இருப்பாள்."

ராசன் தலையாட்டினார். பிறகு, "உந்தப் பெட்டியை ஒருக்காத் தாரும்" என்று வாங்கிக் காதில் வைத்தார். திரும்பி வரும்வரை கொடுக்கவில்லை. எல்லை நெருங்கியபோது ஹைகேதான் நினைவூட்டிப் பற்றரிகளைக் கழற்றவேண்டியிருந்தது.

அதிலிருந்து மாதம் தவறுவதில்லை. மூடுபனி என்று விமானங்கள் பறக்காத நாளில் கூடுதலாகச் சலித்துக்கொள்பவர் ராசன்தான். ஆவணியில் ஒரு சனிக்கிழமை தமிழர்கள் எல்லோரும் எல்லைப் பக்கத்துக் கேவலார் மாதாவிடம் யாத்திரை போவார்கள். இவர்கள் ஒருநாள் முந்தியே, வெள்ளிக்கிழமை கிளம்பி, காலையில் விமானம், பின்னேரம் மாதா என்று வைத்துக்கொண்டார்கள். போன வருடம் கோயில் பாடகர் குழுவிலிருக்கும் பிளோறன்ஸும் வரப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"அக்கா, சனிக்கிழமை பூசை முடிய ஒரு எட்டுப் போட்டு வருவமே?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை அவங்கள் பறக்கிறேல்லை, பிளோறன்ஸ்" என்றார் பேர்பெச்சுவா. "அவங்களுக்கும் வீட்டிலை உடுப்புத் தோய்க்கிற வேலை இருக்குமெல்லோ."