பெயின்ட் அடிக்காத கோப்ராவில் பிரெண்டா ஏறிய நாள்

கீத் பிக்கர்ஸ்கில்லுக்குக் காருக்குப் பெயின்ட் அடிப்பது என்றாலே ஆகாது. சொதப்பின வேலையை மூடி மறைக்கிற சமாசாரம்தான் பெயின்ட் என்பது அவர் கட்சி. பால் நிறுவனத்துக்குத் தொட்டி தொட்டியாக வெல்டிங் வைத்தே முப்பத்தெட்டு வருஷத்தை ஓட்டிய மனிதர். உலோகத்தைப் பற்றி அவரிடம் வாதாடி ஜெயித்த ஆள் வட இங்கிலாந்தில் எங்கள் யார்க்ஷயர் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் பதினோரு வருஷம் வீட்டுக் கொட்டகையில் அடைந்து கிடந்து, அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்து, ஒரு கோப்ரா கட்டினார். அறுபதுகளில் ஓடிய பந்தயக் காரின் நகல். கூரை கிடையாது, இருக்கை இரண்டுதான், முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் உருண்டு திரண்ட இடுப்பு. கட்டி முடித்ததும் ஊரே என்ன நிறம் என்ன நிறம் என்று கேட்டது. கீத் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தகட்டைத் தேய்த்தார். குளிர்காலம் பூராவும் தேய்த்தார். வசந்தம் வந்தபோது அந்த வண்டியில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போலிருந்தது. ஒரு தடவை செய்தும் பார்த்தார்.

பார்க்கிறவர்களெல்லாம் தவறாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது அசலா?"

"இல்ல, அட்டை," என்பார் கீத், தேய்ப்பதை நிறுத்தாமலே.

மனைவி பிரெண்டா மட்டும் அந்த வண்டியில் ஏறவே இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையை இருபது வருஷம் கட்டி ஆண்ட பெண்மணி அவர். அவருடைய பாத்திரம் துடைக்கும் துணி அத்தனையும் பாலிஷில் கறுத்துப் போயிருந்தது. அலுமினியத்தைத் தேய்க்கத் தேய்க்கத் தார் மாதிரி கறுப்பாக ஒன்று வரும், தொட்ட இடமெல்லாம் ஒட்டும். அது போதாதென்று, வண்டியின் கதவு வெளியே புடைத்திருக்கும். எதிரே யார் நின்றாலும் அகலமாகக் காட்டும். முதல் நாள் கதவைத் திறக்கப் போன பிரெண்டா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னைப் பீப்பாய்னு சொல்ற வண்டில நான் ஏற மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார். நாற்பதாவது கல்யாண நாள் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் ஆடு மேய்கிற மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாக்பெக் ஊரில் பழைய கார் கண்காட்சி.

"ஒரே ஒரு தடவை உன்கூட வர்றேன்," என்றார் பிரெண்டா. "எனக்குப் பிடிச்சா வெச்சுக்கோ. பிடிக்கலேன்னா வித்துடு. கொட்டகைக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கறது எனக்கு அலுத்துப் போச்சு, கீத்."

கீத் ரொம்ப நேரம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யார்க்ஷயரில் ஒருவருக்கு ஒன்று பிடித்துவிட்டால் "பரவாயில்ல" என்பார். உயிரே போகிற அளவுக்குப் பிடித்துப்போனால் "அவ்வளவு மோசமில்ல" என்பார். அதற்கு மேலே படி கிடையாது. "ரொம்ப அழகா இருக்கு" என்று சொன்னாலோ, சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம். கீத்தின் தங்கை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்து பிரெண்டா "ரொம்ப அழகா இருக்கு" என்றார். அடுத்த வாரமே நாய் அதன்மேல் படுத்திருந்தது. புதிதாக வந்த பாதிரியாரின் பிரசங்கம் அழகாக இருந்தது என்று ஊரே ஒரே குரலில் சொல்லிற்று. பாவம், ஈஸ்டருக்குள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை கீத் எதிர்பார்த்தது ஒரே ஒரு "பரவாயில்ல". அதற்காகத்தான் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

பிரெண்டா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கீத் சாவியைத் திருப்பினார். எஞ்சின் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை வேலியைத் தாண்டியது. பிரெண்டா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கீத் திரும்பக் கேட்டார், அது பிரெண்டாவுக்குக் கேட்கவில்லை. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். வண்டி கிளம்பிற்று.

மேட்டுச் சாலைக்கு வேலி கிடையாது. ஆடுகள்தான் அங்கே போக்குவரத்துக் காவலர்கள். உச்சிக்குப் போனால் ஒரு மந்தை நடுச்சாலையில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. கீத் வண்டியை நிறுத்தினார். மந்தை மெல்ல விலகியது. ஒரு கிடா மட்டும் விலகவில்லை. சுருண்ட கொம்பும் கறுத்த முகமுமாக, பிரெண்டா பக்கத்துக் கதவுக்கு நேரே வந்து நின்று உற்றுப் பார்த்தது.

கதவுக்குள்ளே இன்னொரு கிடா. அதுவும் எப்படி, இதைவிட இரண்டு மடங்கு அகலம்.

"கீத்," என்றார் பிரெண்டா. "இதோட பார்வை சரியில்ல."

கீத் கியரைப் போடுவதற்குள் கிடா பின்னால் நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, ஓடிவந்து ஒரு முட்டு முட்டியது. கோயில் மணி மாதிரி கணீரென்று ஒரு சத்தம். கிடா விடவில்லை. எதிராளி செத்தானா என்று பார்க்க மறுபடி கிட்டே வந்தது. கதவில் இப்போது சூப் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் குட்டியாக ஒரு கிடா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் கிடாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. உள்ளே இருந்த தலைகீழ்க் கிடாவும் சாய்த்தது. இந்த வம்பே வேண்டாம் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு மந்தையைத் தேடி ஓடியே போய்விட்டது.

பிரெண்டா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். கீத் சிரிக்கவில்லை. பெயின்ட் அடித்த வண்டியானால் பள்ளத்தில் எதையாவது பூசி அடைத்து மேலே அடித்துவிடலாம். வெறும் தகட்டில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. தட்டி நிமிர்த்தி, முதலிலிருந்து தேய்க்க வேண்டும். ஒரு குளிர்காலத்து வேலை. அந்தக் குளிர்காலத்துக்கு வண்டி தன்னிடம் இருந்தால்தானே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பிரெண்டா வண்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

மீதி வழியெல்லாம் பிரெண்டா வாயைத் திறக்கவில்லை. முன்னால் நீண்டு கிடந்த எஞ்சின் மூடியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். கீத் சாலையையே பார்த்தார். பக்கவாட்டுப் புகைக்குழாயின் சூடு காலில் ஏறியது. இந்தச் சூடு வேறு பிரெண்டாவுக்கு அடிக்குமே என்று அதற்கும் ஒரு கவலை.

ஹாக்பெக் புல்வெளியில் வண்டியை வரிசையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கீத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். "சரி. என்ன சொல்றே?"

பிரெண்டா தலைத்துணியை அவிழ்த்தார்.

"ரொம்ப அழகா இருந்துச்சு, கீத்," என்று சொல்லிவிட்டு, தேநீர் வாங்கி வர இறங்கிப் போனார்.

கீத் இறங்கி, பாலிஷ் டப்பாவைத் திறந்து, பள்ளத்தைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பக்கத்தில் தன் பழைய மாரிஸ் காரை நிறுத்தியிருந்த நெவில் எட்டிப் பார்த்தார். கீத்தோடு பால் நிறுவனத்தில் வேலை பார்த்த சிநேகிதர்.

"என்னடா, யாரு செத்தா?"

"பிரெண்டா வந்தா. அழகா இருந்துச்சுன்னுட்டா."

நெவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வெறும் அழகா, ரொம்ப அழகா?"

"ரொம்ப."

"அட கடவுளே," என்றார் நெவில். "என் வீட்டுக்காரி எங்க அம்மாவைப் பத்திக்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லடா. ஆமா, அதென்ன கதவுல பள்ளம்?"

"கிடா."

நெவில் மேற்கொண்டு கேட்கவில்லை. துக்க வீட்டில் அதிகம் கேட்கக்கூடாது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஒருவர். லண்டன் பக்கத்து ஆள், ரூபர்ட் என்று பெயர், கடுகு நிறத்தில் கால்சட்டை போட்டிருந்தார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு காரையும் பார்த்து அற்புதம், அபாரம், தெய்வீகம் என்று வாரி இறைத்துக்கொண்டே வந்தார். குப்பைத் தொட்டியைக்கூடப் பாராட்டினார் என்று நெவில் பிற்பாடு சாதித்தார்.

"அபாரம்," என்றார் ரூபர்ட், வண்டியைச் சுற்றி வந்து. "இது அசலா?"

கீத்துக்கு அட்டை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. "இல்ல. நான் கட்டினது."

"அற்புதம். இந்தப் பள்ளம்கூட என்ன ஒரு தனித்துவம். விப்பீங்களா?"

கீத் தேய்ப்பதை நிறுத்தினார். கொடுத்த வார்த்தை வார்த்தைதான். "விக்கறதாத்தான் இருக்கு," என்றார்.

ரூபர்ட் ஒரு தொகை சொன்னார். கீத் எதிர்த்துப் பேசவில்லை. நெவில்தான் இருமினார். ரூபர்ட் கொஞ்சம் ஏற்றினார். எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது, அப்புறம் ராஜாவே வந்தாலும் பேச்சு மாறாது. கீத் எழுந்து நின்று கையை நீட்டினார். கை முழங்கை வரைக்கும் பாலிஷ் கறுப்பு. ரூபர்ட் அந்தக் கையைப் பார்த்தார், தன் கால்சட்டையைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம், பொறுங்க," என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் இரண்டு கோப்பைத் தேநீரோடு பிரெண்டா வந்து நின்றார்.

"யாரு இவரு? எதுக்குக் கைக்குக் கட்டுப் போட்டுக்கறாரு?"

"வண்டியை வாங்கப் போறாரு," என்றார் கீத்.

"எந்த வண்டியை?"

"நம்ம வண்டியைத்தான். பிடிக்கலேன்னா வித்துடுன்னு நீதானே சொன்னே."

"பிடிக்கலேன்னு யாரு சொன்னா?"

"நீதான். அழகா இருந்துச்சுன்னே. ரொம்ப அழகான்னே."

"ஆமா, சொன்னேன். இருந்துச்சு."

கீத் நெவிலைப் பார்த்தார். நெவில் ஆகாயத்தைப் பார்த்தார். பிரெண்டாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இரண்டு கோப்பையையும் நெவில் கையில் திணித்தார்.

"அட மடப் பயலே," என்றார். "அந்த மூடியைப் பாத்திருக்கியா நீ? நீ எங்க பாக்கறது, ரோட்டைத்தானே பாத்தே. வானம் பூரா அதுல எறங்கி ஓடி வந்துச்சு, கீத். மேகம் மேகமா பால் பொங்கற மாதிரி வந்துச்சு, மரமெல்லாம் வந்துச்சு, எல்லாம் என்கிட்ட வந்து ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. நான் பேசினா அது நின்னுடுமோன்னு வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். அழகா இருந்துச்சு. அதுக்கு வேற என்ன சொல்றது?"

"பரவாயில்லன்னு சொல்லியிருக்கலாமே," என்றார் கீத், ஈனஸ்வரத்தில்.

"பரவாயில்லங்கறது அவிச்ச உருளைக்கிழங்குக்குச் சொல்றது."

"நாப்பது வருஷமா அழகுங்கற வார்த்தையை நீ மனசாரச் சொல்லி நான் கேட்டதே இல்லையே, பிரெண்டா."

"சொல்ற மாதிரி நீ எதைக் காட்டினே?"

நெவில் தேநீரைச் சிந்திவிட்டார். ரூபர்ட் கட்டின கையை இறக்காமலே, "அப்போ வண்டி?" என்று கேட்டார்.

"விக்கறதுக்கில்ல," என்றார் பிரெண்டா. "நீங்க கைக்கு ஏதாவது மருந்து போடுங்க."

ரூபர்ட் இதையும் அற்புதம் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கீத் பாலிஷ் டப்பாவை மூடினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், தேவாலய வாசலில், வெள்ளை உடுப்பில் வந்து நின்ற பிரெண்டாவைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தார். பரவாயில்ல என்றுதான் சொன்னார். நெஞ்சு நிறைய ஆசையை வைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். அதற்கப்புறம் மகன் பிறந்தபோதும் அதேதான், வீடு கட்டிக் குடிபோனபோதும் அதேதான். கண்ணைத் துடைத்தார். கையிலிருந்த கறுப்பு முகத்தில் இரண்டு பக்கமும் கோடு போட்டது.

எதிரே பிரெண்டா நின்றிருந்தார். காற்றில் தலைமுடி நாலு திசைக்கும் நட்டுக்கொண்டு நின்றது. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. சட்டையில் எங்கிருந்தோ கொஞ்சம் ஆட்டு ரோமம்.

"நீ ரொம்ப அழகா இருக்கே, பிரெண்டா," என்றார் கீத்.

பிரெண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த அர்த்தத்துல சொல்றே?"

"நீ சொன்ன அர்த்தத்துலதான்," என்றார் கீத்.